வலிக்காத காலுக்கும் ஒரு படம்

"பாதத்தை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நேரே வீடு திரும்பிவிடும் தாய்மார்கள் நம்மிடையே குறைவல்லர். படம் எடுக்கும் அறையில் அந்நிய ஆண் இருப்பாரே என்ற தயக்கம் ஒருபுறம். கதிர் உடம்பைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். ரமளான் மாதமாயின் நோன்பு முறிந்துவிடுமோ என்ற ஐயமும் சேர்ந்துகொள்ளும். இவை அனைத்தையும்விட வலுவான காரணம் ஒன்று உண்டு. "வலியே இல்லையே, எதற்குப் படம்?" என்பதே அது. இந்தக் கடைசிக் காரணம்தான் பல வீடுகளில் ஆபத்தாக முடிகிறது.

முதலில், அந்த அறைக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். செருப்பு, காலுறை, கொலுசு ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். உலோகம் படத்தில் வெள்ளையாக விழுந்து எலும்பை மறைத்துவிடும் என்பதே காரணம். புர்காவைக் களைய வேண்டியதில்லை; கணுக்காலுக்குச் சற்று மேல்வரை ஆடையை உயர்த்தினால் போதும். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ நீங்கள் செல்லவிருக்கும் நிலையத்திற்கு முன்னதாகத் தொலைபேசியில் பேசி, பெண் பணியாளர் இருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து செல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி ஒருவர் கிடைக்காதபோது, சிகிச்சையின் தேவைக்காக அவசியமான பகுதியை மட்டும் காட்ட மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

பிறகு பாதத்தை ஒரு தட்டின்மீது வைக்கச் சொல்வார்கள். தட்டு சில்லென்றிருக்கும், வேறொன்றும் தெரியாது. பெரும்பாலும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்கள் எடுப்பார்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகளை அல்லாஹ் அடுக்கி வைத்திருக்கிறான். ஒரு கோணத்தில் ஒன்றன்பின் ஒன்று மறைந்து நிற்பது மறு கோணத்தில்தான் வெளிப்படும். பாதத்தின் வளைவை அறிய வேண்டுமானால் எழுந்து நிற்கச் சொல்லியும் எடுப்பதுண்டு. அடிபட்ட காலைத் திருப்பி வைக்கும்போது வலிக்கலாம். கதிர் பாய்வதில் வலி சிறிதும் இல்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

கதிரைப் பற்றிய அச்சத்திற்கு வருவோம். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் சில மணி நேரத்தில் நம்மீது இயல்பாகப் படும் கதிரியக்கத்தை ஒத்த அளவே ஒரு பாதப் படத்தில் சேர்கிறது. "அப்படியானால் படம் எடுப்பவர் ஏன் தடுப்புக்குப் பின்னால் ஒளிகிறார்?" என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. நமக்கு என்றோ ஒருநாள். அவருக்கோ நாள்தோறும் பலமுறை. கருவுற்றிருக்கும் சகோதரிகள் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நோன்பாளிகள் கவலைப்படத் தேவையில்லை. உண்பதும் பருகுவதும் இல்லாத இப்பரிசோதனையால் நோன்பு முறியாது. 1895இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டறிந்த இக்கதிருக்காக, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934லேயே பர்னார்டு பெயரில் தனி நிலையம் அமைந்துவிட்டது. பாட்டனார் காலத்தில் வந்த பொருளுக்குப் பேரப்பிள்ளைகள் இன்னும் அஞ்சுவது வியப்பே!

அதற்காக, சுளுக்கிய காலுக்கெல்லாம் படம் வேண்டுமென டாக்டரை வற்புறுத்துவதும் முறையன்று. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் இதற்கொரு விதி வகுத்தனர். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டுகளின் பின்புறத்தையோ, பாதத்தின் வெளிவிளிம்பின் நடுப்பகுதியையோ, உள்வளைவின் மேலுள்ள எலும்பையோ அழுத்தினால் வலிக்கிறதா? இவற்றுள் ஒன்றும் இல்லையெனில் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் இந்த விதி நிற்பது வலி என்ற ஒரே தூணின்மீது. அத்தூண் இல்லாத கால்கள் நம் வீடுகளில் எத்தனையோ! மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழகத்தில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேர். நெய்ச்சோறும் பிரியாணியும் மணக்கும் நம் சமுதாயத்தின் நிலையை நான் சொல்லவும் வேண்டுமா? ஆண்டுகள் செல்லச் செல்ல இந்நோய் பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. முள் தைத்தாலும் தெரிவதில்லை. எலும்பு முறிந்தாலும் தெரிவதில்லை.

தி.நகர் உஸ்மான் சாலையில் துணிக்கடை ஒன்றில் பணியாற்றிய அன்பர் ஒருவரை அறிவேன். பதினைந்தாண்டுச் சர்க்கரை. ஒருநாள் இடது பாதம் சிவந்து வீங்கியது. தொட்டால் சூடாக இருந்தது. வலி இல்லை. எனவே மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, நாள் முழுதும் நின்று துணி விரித்துக் காட்டினார். பின்னர் எடுத்த படத்தில் நடுப்பாதத்து எலும்புகள் நொறுங்கி இடம்பெயர்ந்திருந்தன. சார்க்கோ பாதம் என்று டாக்டர்கள் இதனை அழைக்கிறார்கள். அல்லாஹ்வின் கிருபையால் கால் தப்பியது. ஆனால் உள்ளங்கால் தொட்டில் போலப் பிதுங்கிவிட்டது. இன்று தனியாகச் செய்த காலணி இல்லாமல் அவரால் பள்ளிவாசல்வரை நடக்க முடியாது. சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கினால், அதை ஊன்றாமல் அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். செலவுக்கு அஞ்சுவோருக்கு, அமீர் மஹாலுக்கு அருகே 1911 முதல் இயங்கிவரும் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று. "படத்தில் ஒன்றுமில்லை" என்பது எப்போதும் முடிவான தீர்ப்பன்று. மயிரிழை போன்ற முறிவு இரண்டு மூன்று வாரம் கழித்தே சில நேரம் தெரியும். ஆறாத புண்ணிலிருந்து எலும்புக்குப் பரவும் கிருமியின் அடையாளமும் பத்துப் பதினைந்து நாள் பிந்தியே படத்தில் விழும். மறுபடி எடுக்கச் சொன்னால், பணம் பறிக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். புத்தூர்க் கட்டுப் போடச் செல்பவர்களும் படத்தை எடுத்துப் பார்த்த பின்னரே செல்லட்டும்.

முறிவென்று தெரிந்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டால், ஒளுவுக்காக அதை நனைத்துக் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறோம். கட்டின்மேல் ஈரக்கையால் தடவும் மஸஹ் என்ற சலுகை எதற்காக? ஹனஃபி மத்ஹபினர் மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின்மேல் மஸஹ் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். தொழுகையை மீட்ட வேண்டிய நிலையும் சில வேளை உண்டாகையால் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்க. தலையில் காயம்பட்ட தோழர் ஒருவரை, சலுகை கிடையாதென்று சொல்லிச் சிலர் குளிக்க வைத்து, அதனால் அவர் மரணித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு சினந்தார்கள் என்பது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள்; மடிக்காமல் உறையிலிட்டுப் பீரோவில் வையுங்கள். புதியதோடு ஒப்பிட டாக்டர் கேட்பார். இப்போது பல இடங்களில் செல்பேசிக்கே அனுப்பிவிடுகிறார்கள். மகனின் செல்பேசிக்கு வந்த படம் மகனோடு துபாய்க்குப் போய்விடுகிறது. வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.