முதல் பட்டதாரிச் சான்று எதை அளக்கிறது?

பொறியியல் கலந்தாய்வுக் காலம் வந்துவிட்டால் காஞ்சிபுரத்து இ-சேவை மையங்களில் நிற்கும் வரிசையில் முதல் பட்டதாரிச் சான்று கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். 2010இல் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் அது. குடும்பத்திலேயே முதலாவதாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளை ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேர்ந்தால், சாதி பாராமல் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அப்பா, அம்மா, இருவழித் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் என யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. கூரம் போன்ற ஊர்களின் தறி வீடுகளிலிருந்தும் உழவர் வீடுகளிலிருந்தும் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இது பெரிய கைதூக்கல். அதைக் குறைத்துப் பேச இவ்வுரை எழுதப்படவில்லை. ஆனால் அந்தச் சான்று சொல்வது வீட்டில் பட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான். கல்லூரிகளில் வழிகாட்டும் பொறுப்பில் இருக்கும் நாம் அதையே பிடித்துக்கொண்டு, யாருக்கு நம் துணை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதையும் முடிவுசெய்து விடுகிறோம். இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இதன் பிழை மிகத் தெளிவாகத் தெரிவது, வேறு நாட்டில் பட்டம் பெற்றுவிட்டு இங்கே வந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகளிடம். 1983க்குப் பிறகு அலை அலையாக வந்த ஈழத்தமிழர்களில் ஏறத்தாழ 58,000 பேர் 2021இல் தமிழகத்து முகாம்களில் இருந்தார்கள். வெளியே வாழ்பவர்கள் தனி. கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணின் தாய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டதாரி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாய் கடந்து வந்த பாதை என்ன? க.பொ.த. உயர்தரப் பரீட்சை, மாவட்ட ஒதுக்கீடு, நாடு முழுவதற்கும் தெரிவு செய்யும் ஒரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பிறகு கட்டணமே இல்லாத அரசுப் பல்கலைக்கழகம். மகள் நிற்கும் பாதையோ முற்றிலும் வேறு. நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிய மாநிலம் இது. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப், இணையத்தில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் விருப்பப் பதிவு, நூற்றுக்கணக்கான சுயநிதிக் கல்லூரிகள், நிர்வாக ஒதுக்கீடு. பட்டப்படிப்புக்குக் கட்டணம் கட்டியே அறியாத தாயிடம், எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது, எந்தக் கட்டணம் நியாயமானது என்று மகள் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? கட்டணச் சலுகையில் இவர்களின் தகுதி தனி விஷயம், அதற்கென்று விதிகள் இருக்கின்றன. வழிகாட்டு மையத்தில் அந்தப் பெண்ணைப் ‘படித்தவங்க வீட்டுப் பிள்ளை’ என்று ஒதுக்கிவைப்பது நாமாகச் செய்யும் அநியாயம்.

எந்த ஊர்ப் பட்டமானாலும் பட்டம் பட்டம்தானே, அந்த வீட்டில் புத்தகமும் படிப்பின் மேல் நம்பிக்கையும் இருக்குமே என்று மறுப்பார்கள். மறுப்பில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த சிந்தியா ஃபெலிசியானோவும் யேடர் லனுசாவும் 2017இல் காட்டியது இதைத்தான்: பெற்றோர் தம் சொந்த நாட்டில் கல்வியில் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பது, புதிய நாட்டில் பிள்ளைகள் எவ்வளவு படிப்பார்கள் என்பதை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. பிறந்த மண்ணில் கிடைத்த கல்வி மதிப்பு, வேலை தாழ்ந்தாலும் வீட்டுக்குள் தங்கிவிடுகிறது. ஆகவே இப்பிள்ளைகளை அப்படியே முதல் தலைமுறை என்று சேர்த்துக்கொள்ளச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆசை வீட்டில் வளர்வது ஒன்று, கடைசித் தேதியும் கல்விக்கடன் விதியும் தெரிந்திருப்பது வேறொன்று. முதலாவது கடல் தாண்டி வரும். இரண்டாவது வராது.

இந்தக் குழப்பம் வெளிநாட்டுப் பட்டத்தோடு முடிவதில்லை. ஒரு சேலைத் தறியை நம்பிய வீட்டில் மூத்தவன் பட்டம் முடித்துவிட்டால் தங்கைக்குச் சான்று கிடையாது. வழி தெரிந்த அண்ணன் இருப்பதால், வழிகாட்டல் கணக்கில் இது சரி. பணக்கணக்கில் தவறு, ஏனென்றால் இரண்டாவது பிள்ளை படிக்கும்போதுதான் வீட்டுக் கடன் கனக்கிறது. ரங்கூனில் பட்டம் பெற்று, பேரன் பிறக்குமுன்பே இறந்துபோன தாத்தா ஒருவர் இருந்தால் நிலைமை தலைகீழ்: அவரால் பேரனுக்குப் பணமும் இல்லை, வழியும் இல்லை, சான்று மட்டும் போய்விடுகிறது. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, கல்லூரி வளாகத்தையே பாராத அம்மாவும் விதியின் கண்ணில் பட்டதாரிதான். பணத்தேவையையும் வழித்தேவையையும் ஒரே சான்றால் அளப்பதன் விளைவு இது. மாநிலத்திலேயே வேறு அளவுகோல் உண்டு: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் முதலானவற்றுக்கும் வந்தது. அது பெற்றோரின் பட்டத்தை விசாரிப்பதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிள்ளை எங்கே படித்தது என்று பார்க்கிறது. இப்படித் தனித்தனிக் கணக்கு வைப்பது புதிதல்ல என்பதற்கு, கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் செப்பேட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பரமேசுவரவர்மன் தந்த ஊரின் 25 பங்குகளில் 20 பங்கு நான்மறை கற்றவர்களுக்குப் போனது. ஒரு பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று தனியே வைக்கப்பட்டது. கற்ற குடும்பத்துக்குத் தருவதும் பொதுவில் எடுத்துச் சொல்பவருக்குத் தருவதும் அன்றே வெவ்வேறு கணக்கு.

எல்லோரும் வந்து கேட்டால் கூட்டம் தாங்காது, பொய் சொல்லிச் சேர்வார்கள் என்ற அச்சம் நம் துறையில் உண்டு. பணம் கைமாறும் இடத்தில் பொய்க்குக் காவல் வேண்டும். அதற்கு வருவாய்த்துறையின் சான்று இருக்கிறது. விருப்பப் பட்டியல் போடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் பொய் சொல்லி நுழைந்து ஒருவர் எதைத் திருடிவிடப் போகிறார்? கூட்டம் பற்றிய அச்சத்துக்குச் சேர்க்கைப் படிவத்திலேயே தீர்வு இருக்கிறது. ‘பெற்றோர் பட்டதாரியா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்: அவர் எந்த நாட்டில், எந்த முறையில் படித்தார்? தமிழ்நாட்டில் கடந்த பத்தாண்டுகளில் கல்லூரியில் சேர்ந்தவர் உங்கள் வீட்டில் யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘யாருமில்லை’ என்று எழுதும் பிள்ளையை, கையில் சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், விருப்பப் பதிவு தொடங்குமுன் ஓர் ஆசிரியர் நேரில் அழைத்துப் பேச வேண்டும். வரும் கல்வியாண்டின் படிவம் அச்சுக்குப் போகுமுன் இந்த மாற்றத்தைச் செய்துவிடலாம்.