குளவியா, தேனீயா? பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுவோம்!

"குளவிக் கூட்டில் கை வைத்தாற்போல" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் கொட்டு வாங்காத தொழிலாளி யார்? அந்த வலியை நமக்கு எவரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நம்மவர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். கூட்டமாக எது பறந்தாலும் "ஐயோ, குளவி!" என்று ஒரே கூச்சல்தான். லயத்தில் இருந்தால் உடனே மண்ணெண்ணெய்ப் பந்தம். தோட்டத்தை விட்டு சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய்ப் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்கள் என்றால் மருந்தடிக்கிற கம்பெனிக்குப் போன். என்ன பூச்சி, ஏது பூச்சி என்று பார்ப்பதற்குள் மருந்து அடித்தாகிவிடுகிறது, காசும் போய்விடுகிறது. இது சரியல்ல என்பதே நமது கருத்து.

இந்தத் தடுமாற்றம் நம்மிடம் மட்டுமல்ல. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகள் கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதும் உயிரிழப்பதும் அடிக்கடி வரும் செய்தி. பத்திரிகைகள் அதைக் "குளவிக் கொட்டு" என்றே எழுதுகின்றன. ஆனால் அங்கே கொட்டுவதில் மலைத்தேனீக்கும் பெரிய பங்குண்டு. பெயர் மாறிப்போனால் கொட்டுப்பட்டபின் செய்ய வேண்டிய முதல் காரியமும் மாறிப்போகிறது. அதனால்தான் இதைப் பெரிதாக எழுதுகிறோம்.

எப்படி அடையாளம் காண்பது? கிட்டே போகாதீர்கள். இருபது முப்பது அடி தள்ளி நின்றே பார்க்கலாம்.

தேனீக்கு உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். நிறம் மங்கிய பழுப்பு. பின்னங்காலில் மகரந்தம் ஒட்டியிருக்கும். குளவி மினுமினுப்பாக இருக்கும். இடுப்பு நூல் போல ஒடுங்கியிருக்கும். பூச்சியைவிடக் கூடுதான் நல்ல சாட்சி. தேனீ கட்டுவது மெழுகு அடை. மலைத்தேனீ உயரமான கிளைக்கு அடியில் ஒரே ஓர் அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். அதன்மேல் தேனீக்கள் திரை போட்டாற்போல மூடியிருக்கும். சின்னத் தேனீ மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகள் கட்டும். குளவியோ மரநாரை மென்று காகிதம் மாதிரிக் கூடு கட்டுகிறது. மலாய்க்காரர்கள் 'தெபுவான்' என்று சொல்லும் பெருங்குளவியின் கூடு பானை போல உருண்டு, சாம்பலும் பழுப்புமாக, போகவர ஒரு துவாரத்தோடு இருக்கும். வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கறுப்புக் குளவியைக் கண்டால் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். சில வகை மண்ணுக்குள்ளும் கூடு வைக்கும். அதைக் காலால் மிதித்த பிறகுதான் தெரியும்!

வீட்டுச் சுவரில் மண் உருண்டை போலக் கூடு கட்டுகிறதே, அது தனிக்குளவி. பிள்ளைகள் கையால் பிடித்து விளையாடாத வரை அது யாரையும் தேடி வந்து கொட்டாது. அதற்கா மருந்து?

இன்னொன்று: அடை இல்லாமல் ஒரு கொத்துத் தேனீ மரக்கிளையிலோ கார் கொட்டகையிலோ வந்து தொங்கினால், அது புது வீடு தேடிப் போகும் கூட்டம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு பொறுத்திருந்தால் செலவே இல்லை.

சுவருக்குள் இருக்கும் தேனீயை மருந்தடித்துக் கொன்றால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். காவலில்லாத அடை உருகித் தேன் ஒழுகும், எறும்பு வரும், நாற்றம் எடுக்கும். விஷம் பட்ட தேனை ஏதும் அறியாதவர் எடுத்துத் தின்றால் என்ன ஆவது? தேனீ வளர்ப்பவரை அழைத்தால் கூட்டத்தை உயிரோடு கொண்டுபோவார். கொல்லையில் பூசணியும் பீர்க்கும் காய்ப்பது இந்தச் சிறு உயிர்களால்தான். செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-க்கு முன்னர் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவ ஆள் வைத்தார்கள். அந்த ஆண்டு கெமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பூச்சியின் உழைப்பு என்னவென்று முதலாளிகளுக்கு நன்றாகவே தெரியும்!

நம் கெடாவிலேயே பெடு ஏரிப் பக்கம் துவாலாங் மரத்தில் மலைத்தேன் எடுக்கும் மலாய்க்காரர்கள் உண்டு. நிலவில்லாத இரவில் ஏறி, பந்தத்தைத் தட்டித் தீப்பொறியைக் கீழே சிதற விடுவார்கள். தேனீக்கள் அந்தப் பொறியைத் துரத்திக்கொண்டு இறங்கிவிடும். அது தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை. அதைப் பார்த்துவிட்டு நாமும் பந்தம் பிடித்தால் கொட்டும் தீக்காயமும்தான் மிச்சம். தெபுவான் கூட்டுக்கும் அப்படித்தான். கல் எறியாதீர்கள், கொளுத்தாதீர்கள். பொதுத் தற்காப்புப் படைக்கோ பொம்பாவுக்கோ சொல்லுங்கள். அவர்களுக்குக் கவச உடை இருக்கிறது; பழகிய கை.

கொட்டிவிட்டால்? தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதிலிருந்து கிளம்பும் வாடை மற்ற தேனீக்களையும் அழைக்கும். நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள்; தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும். குளவி கொடுக்கை விடாது. ஒன்றே பலமுறை கொட்டும். கையை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு நேரே ஓடிக் கதவுள்ள இடத்துக்குள் புகுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. நிறையக் கொட்டு வாங்கியவர் "எனக்கு ஒண்ணுமில்லே" என்று சொன்னாலும் கூட்டிப்போங்கள். விஷம் மெதுவாகச் சிறுநீரகத்தைத் தாக்கலாம்.

இனி நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. குலை அறுப்பவரும் மருந்தடிக்கும் பெண்களும் நிரைக்குள் நுழையுமுன், கூடு உண்டா என்று பார்க்கச் சொல்வது மண்டோரின் கடமையாக இருக்க வேண்டும். கூடு உள்ள மரத்தில் அடையாளம் கட்டி, அகற்றும்வரை அந்த நிரையை ஒதுக்கிவைப்பதில் என்ன நஷ்டம்? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 1.6.2024 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள அது உரிமை தருகிறது. "கூடு இருக்கு, போகமாட்டேன்" என்பவர் சோம்பேறி அல்ல, சட்டம் தெரிந்தவர்.

வேலையின்போது கொட்டுப்பட்டால் அதை வேலை விபத்தாகப் பதியச் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கிளினிக் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். "பூச்சிக் கடிக்கெல்லாமா சொக்சோ?" என்று எவரேனும் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பயம் இருக்கலாம், தப்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு பயப்படுவதுதான் தப்பு. முதலில் தள்ளி நின்று பாருங்கள். பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். இன்று மாலையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.