காய் நறுக்கும் கத்தியும் நடுராத்திரிச் சோதனையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு லேண்ட்லைன் அடித்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த நேரத்து மணி என்றாலே வயிற்றைக் கலக்கும். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம், அவன் செட்டுக்குத் தெரிந்துவிடும். பட்டினப்பாக்கத்தில் வீடு. கல்யாண சமையல் கான்ட்ராக்டர் ஒருவரிடம் காய் நறுக்கும் வேலை பார்க்கிறான்.

"டீச்சர், வண்டிச் செக்கிங்ல புடிச்சுட்டாங்க. பையில கத்தி இருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க. என் போன வாங்கிட்டாங்க. அம்மாகிட்ட சொன்னா பயந்துடும். மனப்பாடமா தெரிஞ்ச வேற நம்பர் உங்களுதுதான்."

முப்பது வருஷமாக மாறாத நம்பர். பி.எஸ்.என்.எல். கனெக்‌ஷனை ரத்து செய் என்று என் மகன் நச்சரிப்பதற்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

எதிர்வீட்டுத் தம்பியை எழுப்பி ஆட்டோ பிடித்துப் போனேன். அடையாறில் ஒரு மண்டபத்தில் மறுநாள் முகூர்த்தத்துக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரமாவது தூங்கலாம் என்று வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறான். திரு.வி.க. பாலம் தாண்டியதும் நிறுத்தியிருக்கிறார்கள். துணியில் சுற்றிய நான்கு கத்திகள். அதில் ஒன்று பூசணியும் சேனையும் பிளப்பது, ஒரு அடி நீளம் இருக்கும். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டு, "உட்காருங்கம்மா, உங்க ஸ்டூடண்டா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். என் மாணவன் தரையில் உட்கார்ந்திருந்தான். போட்டோ எடுத்து, கைரேகையும் வைத்தாயிற்று. கான்ட்ராக்டரைப் போனில் பிடித்துப் பேச வைத்து அவனை வெளியே கொண்டுவர மணி நாலாகிவிட்டது. கத்திகளை "அப்புறமா வந்து வாங்கிக்கோ" என்றார்கள். எழுதின ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. வக்கீலாக இருக்கும் நம் மாணவி ஒருத்தியை மறுநாள் பிடித்து உட்கார வைத்துச் சட்டம் கேட்டேன். (நான் பாடம் எடுத்த காலம் போய் இப்போது அவள் எடுக்கிறாள்.)

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்திலேயே, வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்யப்பட்டவை ஆயுதம் ஆகாது என்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில்தான் அளவு வருகிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ அலகுள்ள கத்தி, வாள், ஈட்டி வகையறா. அங்கேயும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த வகைக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிற 4ஆம் பிரிவுகூட, மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் பகுதிகளுக்குத்தான் பொருந்தும். டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை பட்டன் கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு வைத்தது. அதாவது மூன்று அங்குலம்.

அப்படியானால் மாடவீதி இளநீர்க்காரர் அரிவாளும், நொச்சிக்குப்பத்தில் வஞ்சிரம் வெட்டுகிற அக்காவின் கத்தியும், என் வீட்டு அரிவாள்மணையும் சட்டப்படி குற்றமில்லாதவை. பூசணிக்காய்க் கத்தியும் அப்படித்தான். ஆனால் "பயங்கர ஆயுதங்களுடன் பதுங்கியிருந்த கும்பல்" என்று பேப்பரில் படிக்கிறோமே, அதெல்லாம் பல சமயம் இந்த அங்குலக் கணக்கில் வருவதில்லை. கொள்ளைக்குத் தயாரானது, கொலை மிரட்டல் என்று வேறு பிரிவுகளில் வரும். அதற்கும் மேலே 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டம். விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஆக, கத்தியின் நீளத்தைவிட அதை வைத்திருப்பவன் யார் என்று போலீஸ் நினைக்கிறது என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கிறது.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் (இதைப் படிப்பான், கோபித்துக்கொள்ளட்டும்) கும்பகோணம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தேங்காய் மூட்டையோடு அரிவாளையும் டிக்கியில் போட்டுக்கொண்டு காரில் வந்தான். சென்னைக்குள் நுழையும்போது இதே போல நிறுத்தினார்கள். திறந்து பார்த்துவிட்டு "பாத்துப் போங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அரிவாள் பூசணிக் கத்தியைவிடப் பெரிசு. அவனுக்கு வாய்த்தது ஆழ்வார்பேட்டை முகவரி, இவனுக்குக் குப்பத்து முகவரி.

போலீஸைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. 2012 பிப்ரவரி 9ஆம் தேதி பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். நம் பள்ளி ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. அடுத்த வாரம் பைகளைச் சோதிக்கச் சொன்னார்கள். நானும் சோதித்தேன். இரண்டு பிளேடு, ஒரு காம்பஸ், பட்டத்துக்கு மாஞ்சா நூல். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது, நான் முதலில் கை வைத்த பைகள் எல்லாமே கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுடையவை. லஸ், அபிராமபுரம் பிள்ளைகள் பைகளைத் திறக்கும்போது மணி அடித்துவிட்டது. அப்போது கடைசி பெஞ்சில் இருந்தவர்களில் சிலர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. மன்னித்துவிடுங்கள்.

எனவே இருட்டில் நின்று யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிற கான்ஸ்டபிளின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் 29இ பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் பட்டாக்கத்தியோடு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட வீடியோவை நீங்களும் பார்த்தீர்கள். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரைக் குத்தியது உடைக்குள் மறைத்து வந்த சின்னக் கத்திதான். எந்த அங்குலக் கணக்கும் அவரைக் காப்பாற்றியிருக்காது. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

லண்டனில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் அங்குள்ள முறையைச் சொன்னான். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று அங்குலத்துக்குள் மடக்கும் கத்தி என்றால் கேள்வி இல்லை. அதற்கு மேல் என்றால் பொது இடத்தில் வைத்திருக்க நியாயமான காரணம் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் சமையல்காரர் என்பது நல்ல காரணம். அந்த ஊரிலும் யாரை அதிகம் நிறுத்துகிறார்கள் என்று பெரிய சண்டை நடக்கிறதாம். ஆனால் நிறுத்திச் சோதித்தால் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், சோதிக்கப்பட்டவன் அதன் நகலைக் கேட்டு வாங்கலாம்.

நம்மிடமும் அதற்கான சட்டம் வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் போட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதையும் சேர்த்து. செல்போனிலேயே எடுக்கலாம். பையனை போட்டோ எடுக்கத் தெரிந்த செல்போனுக்குப் பட்டியலை எடுக்கத் தெரியாதா? அந்த எஸ்.ஐ.யிடம் அப்போதே கேட்டிருக்க வேண்டும். சட்டம் தெரியாததால் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

2021 செப்டம்பரில், சைலேந்திர பாபு டி.ஜி.பி.யாக இருந்தபோது, அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்கள் வாங்குபவர் பெயர், முகவரி, போன் நம்பரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ரங்கநாதன் தெருவிலும் ஆன்லைனிலும் ஒரு அடிக் கத்தி கேள்வி கேட்பாரில்லாமல் கிடைக்கும்போது, பட்டறைக்காரருக்கு மட்டும் நோட்டுப் புத்தகமா?

இன்னொன்று. இது உங்களுக்கு, முக்கியமாக '98 பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புக்கு. கையில் மாவுக்கட்டோடு நிற்கும் ஒருவன் படத்தைப் போட்டு "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்" என்று சிரிக்கிறீர்கள். பிடிபட்டவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025இல் உயர் நீதிமன்றமே கேட்டது. அன்றைக்கு எங்களை அழைத்துப் போக ஒரு லேண்ட்லைன் நம்பர் அவனுக்கு மனப்பாடமாக இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பு வந்த பிறகு, அந்தப் படங்களைப் பார்க்க என்னால் முடியவில்லை. தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

கத்திகள் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தன, மூன்றுதான். நல்ல இரும்பில் அடித்த பூசணிக் கத்தி காணோம். போய்க் கேட்கலாம், நானும் வருகிறேன் என்றேன். "வேணாம் டீச்சர், அந்த ரோட்லதான் தெனமும் போவணும்" என்றான்.

ஆவணியில் யார் வீட்டிலாவது கல்யாணம் இருந்தால் சொல்லுங்கள், அவன் நம்பர் இன்பாக்ஸில் தருகிறேன். நூறு பேருக்கு அவியலுக்கு அவன் ஒருத்தனே நறுக்கிவிடுவான்.