ரைஸ் மில் வீடாகுமா? களத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள்!

ஜி.எஸ்.டி சாலையில் விரைகிறவர்களுக்கு, மதுராந்தகத்துக்கு முன்னால் வரும் ஒரு பெயர்ப் பலகைதான் கருங்குழி. ஆனால் ஏரிப் பாசனமும் நெல்லுமாக வாழ்ந்த வட்டாரம் இது. இப்படிப்பட்ட நெல் ஊர்களில் பழைய ரைஸ் மில் ஒன்று பூட்டிக்கிடந்தால், 'இடிச்சுட்டு பிளாட் போட்டுடலாம்' என்பதுதான் முதல் யோசனை. இடிக்காமல் அதிலேயே குடியேற முடியாதா?

இங்கிலாந்தில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே ஆற்றோரத்து மாவு மில்கள் பெரும்பாலும் மூன்று தளம். மேலே தானியத் தொட்டி, நடுவில் அரைக்கும் கல், கீழே மாவு. மூட்டையைச் சங்கிலியில் கட்டி உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும், மற்றதை புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இரும்பு உருளை மில்கள் வந்ததும் இவற்றுக்கு வேலை போனது. பல மில்கள் வீடுகளாயின.

நம்ம ஊர் ரைஸ் மில் மேலே வளராமல் அகலமாகப் படுத்திருக்கும். காரணம், புழுங்கலரிசி! நெல் ஊறத் தொட்டி வேண்டும், அவிக்க பாய்லர் வேண்டும். பாய்லரில் எரிவது உமி. அந்தப் புகை போக, ஊருக்கே அடையாளமாக நிற்கும் செங்கல் புகைபோக்கி. அவித்த நெல் காய வெயில் வேண்டுமே? அதற்குத்தான் களம். பல மில்களில் கட்டடத்தைவிட களம்தான் பெரிது. தண்ணீர் தேங்காதபடி லேசான சரிவோடு போட்டிருப்பார்கள். கொளுத்தும் வெயிலில் பெண்கள் காலாலேயே நெல்லைக் கிளறிவிட்டபடி நடந்த தரை அது. காயவைக்கவும் மெஷின் வந்தபிறகு களத்துக்கு வேலையில்லை. மில் மூடியதும் முதலில் பிளாட் ஆவதும் அதுதான்.

இலங்கையில், நுவரெலியா அருகே கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. 1930-களில் கட்டியது, பிறகு மூடிக்கிடந்தது. 1996-ல் அதை ஹோட்டலாகத் திறந்தார்கள். கொழுந்தை வாடவைத்த மேல் தளங்களே இப்போது தங்கும் அறைகள். வரிசை வரிசையான ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. ராட்சத மின்விசிறிகளையும் பழைய இன்ஜினையும்கூட அகற்றவில்லை. வீடல்ல, ஹோட்டல்தான். ஆனாலும் உள்ளே நுழைகிறவருக்கு இங்கே என்ன வேலை நடந்தது என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

ரைஸ் மில்லிலும் அது சாத்தியம். ஊறல் தொட்டியில் மழைநீர் சேமிக்கலாம். கூரை உயரமென்பதால் சூடு மேலே போய்விடும். ஆனால் அந்தப் பெரிய ஹாலுக்கு ஏ.சி போட்டால் கரன்ட் பில் தாங்காது. கூரையைத் தொடாமல், உள்ளே தாழ்வாகச் சின்ன அறைகள் கட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உஷார். உடைத்தால் பறக்கும் இழைகள் நுரையீரலுக்கு ஆபத்து. தெரிந்த ஆட்களை வைத்து, நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். புகைபோக்கியை இன்ஜினீயர் பார்க்காமல் அதனடியில் குழந்தைகளை விளையாட விடக்கூடாது. தொழிற்கூடத்தை வீடாக மாற்ற திட்ட அனுமதியும் தேவை.

களத்தை அப்படியே விடலாம். வடகம் காயும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள், கல்யாணத்துக்குப் பந்தல் போட வேறு இடம் தேட வேண்டியிருக்காது.