கல்லாப்பெட்டிச் சாவியை எப்போது கொடுப்பது?

2025 டிசம்பர் 4-ஆம் நாள் ஏவி.எம். சரவணன் அவர்கள் காலமானார்கள். அதற்கு முந்திய நாள்தான் அவருக்கு 86 வயது நிறைந்திருந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்ட்டுமாக, யார் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பணிவான உருவத்தை நாம் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறோம். திரையுலகுக்குப் பேரிழப்பு என்று பத்திரிகைகள் எழுதின. சினிமாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து, பருப்பையும் வத்தலையும் எடை போட்டே அறுபது வயதைத் தாண்டியவன் நான். ஆனால் ஒரு நிறுவனத்தின் முதல் நாற்காலி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிப் போகிறது என்பது சினிமாக்காரர்களின் விஷயம் மட்டும் அல்ல. திருநெல்வேலி டவுணிலும் ஜங்ஷனிலும் பாளையிலும், அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் கடை வைத்திருக்கும் ஒவ்வொரு அண்ணாச்சிக்கும் உரிய விஷயம் அது.

ஏவி.எம். என்பதே ஒரு கடையிலிருந்து புறப்பட்ட பெயர்தான். காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்றார்கள். அவர் மகன் மெய்யப்பன், 1907-இல் பிறந்தவர். அடுத்தவர் தயாரித்த தட்டை வாங்கி விற்பதைவிட நாமே தயாரித்து விற்றால் என்ன என்று சென்னைக்கு வந்து சரஸ்வதி ஸ்டோர்ஸில் இறங்கினார். பிறகு படத் தொழிலுக்குப் போனார். 1935-இல் எடுத்த முதல் படமான 'அல்லி அர்ஜுனா' கையைக் கடித்தது. அதற்காக அவர் தொழிலை விட்டு ஓடவில்லை. 1945-இல் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கி, காரைக்குடியிலேயே கொட்டகை போட்டுப் படம் எடுத்து, பிறகு கோடம்பாக்கத்துக்கு வந்து நிலைத்தார். 1947-இல் 'நாம் இருவர்', 1952-இல் 'பராசக்தி', 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா' என்று அடுத்தடுத்து வந்தன.

1979 ஆகஸ்டில் மெய்யப்பச் செட்டியார் மறைந்தார். ஸ்டுடியோ அதோடு மூடப்படவில்லை. காரணம், நாற்காலி காலியான அன்றைக்குத்தான் அதில் யார் உட்காருவது என்று அங்கே தேடவில்லை. முருகன், குமரன், சரவணன், பாலசுப்பிரமணியன் என்ற மகன்கள் தந்தையின் கண் முன்பாகவே தொழிலில் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். சரவணன் 1950-களின் கடைசியிலேயே வந்துவிட்டார். ஆக, தந்தை இருக்கும்போதே சுமார் இருபது வருஷப் பழக்கம். அடுத்த ஆண்டே, 1980-இல் 'முரட்டுக்காளை' வந்தது. 1982-இல் 'சகலகலா வல்லவன்', 1986-இல் 'சம்சாரம் அது மின்சாரம்', 2007-இல் 'சிவாஜி'. இவை தந்தை காலத்துப் படங்கள் மாதிரி இல்லையே என்று சொல்பவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். வாங்குகிறவர்கள் மாறும்போது சரக்கும் மாறத்தானே வேண்டும்? பெயர்ப்பலகையும் கணக்கும் மாறாமல் இருந்தன, அதுதான் முக்கியம். இன்று சரவணனின் மகன் குகனும், அவர் மகள்கள் அருணா, அபர்ணா ஆகியோரும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மெய்யப்பரிலிருந்து எண்ணினால் நான்காம் தலைமுறை, அதுவும் பெண் பிள்ளைகள் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் இப்படி நடந்துவிடவில்லை. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு மேல் படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கிருந்துதான் வந்தது. தமிழில் முழுவதும் வண்ணத்தில் எடுத்த முதல் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956-இல் அங்கே எடுத்ததுதான். முதலாளியே டைரக்டர், முதலாளியே மேஸ்திரி என்று எல்லாம் அவர் கண்ணசைவில் நடந்தது. 1963-இல் அவர் மறைந்தார். மகன் ராமசுந்தரம் படங்கள் எடுத்து ஓடவிட்டுத்தான் பார்த்தார். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் கதவு மூடியது. இன்று ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. மகன் மேல் பழி போடுவது நியாயம் ஆகாது. மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஸ்டுடியோ நடத்துகிற காலமே மலையேறிவிட்டது. இருந்தாலும் ஒரே ஒருவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வியாபாரம், அந்தத் தலை சாய்ந்தபின் தடுமாறும் என்பது உண்மை.

ஜெமினி எஸ்.எஸ். வாசன் வீட்டுக் கதை இன்னும் படிக்க வேண்டியது. அவர் கையில் இரண்டு தொழில்கள் இருந்தன. ஒன்று ஆனந்த விகடன், மற்றொன்று 1948-இல் 'சந்திரலேகா'வைத் தந்த ஜெமினி ஸ்டுடியோ. 1969 ஆகஸ்டில் வாசன் மறைந்தார். சில வருஷங்களில் ஸ்டுடியோ தொழில் முடிந்துபோனது. சென்னை அண்ணா சாலையில் ஒரு மேம்பாலத்துக்கு மட்டும் ஜனங்கள் வாயில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விகடனோ நின்றது. தந்தை இருந்தபோதே பத்திரிகை வேலையில் பழகியிருந்த மகன் பாலசுப்பிரமணியன் அதைப் பல்லாண்டு நடத்தி, தாம் இருக்கும்போதே தம் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, 2014-இல் மறைந்தார். ஒரே வீடு, ஒரே வாரிசு, இரண்டு தொழில். எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் சாவியோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். அப்பா வைத்த கிளை என்பதற்காகவே நஷ்டத்தில் ஓடும் கிளையைப் பிள்ளை சுமக்க வேண்டும் என்று கட்டளை போடுவது அவன் காலில் கல்லைக் கட்டுவதாகும்.

கடல் தாண்டியும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனியை 1923-இல் தொடங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர். தம்பி வால்ட் படம் பார்த்துக்கொள்வார், அண்ணன் ராய் பணம் பார்த்துக்கொள்வார். 1966-இல் தம்பி மறைந்தபோது, ஓய்வுக்குப் போக இருந்த அண்ணன் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, புளோரிடாவில் தம்பி திட்டமிட்டிருந்த பெரிய கேளிக்கைப் பூங்காவைக் கட்டி முடித்து, அதற்குத் தம்பியின் முழுப் பெயரை வைத்து, 1971 அக்டோபரில் திறந்தார். அதே டிசம்பரில் தாமும் போய்விட்டார்.

அதே கம்பெனியில் பிற்காலத்தில் நடந்தது வேறு. பாப் ஐகர் என்பவர் 2005 முதல் தலைமை நிர்வாகி. ஓய்வு பெறப் போகிறேன் என்று சொல்வதும், பதவியை நீட்டித்துக்கொள்வதுமாகப் பல தடவை நடந்தது. கடைசியில் 2020 பிப்ரவரியில் பாப் சேப்பெக் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. செயல் தலைவர் என்ற பெயரில் 2021 முடியும் வரை அங்கேயே இருந்து, படம் சம்பந்தப்பட்ட வேலைகளைத் தம் பார்வையிலேயே வைத்துக்கொண்டார். புதியவர் வந்த நேரமும் பொல்லாதது. கொரோனாவில் தியேட்டரும் பூங்காவும் மூடிக் கிடந்தன. அவர் செய்த சில காரியங்களும் சரியாக இல்லை. 2022 நவம்பரில் நிர்வாகக் குழு அவரை நீக்கிவிட்டு, பழையவரையே திரும்ப அழைத்தது. மூன்று வருஷம்கூட நிரம்பவில்லை. உலகம் முழுவதும் கடை விரித்த கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், நாம் எம்மாத்திரம்?

இனி நம் பஜாருக்கு வருவோம். மகனுக்கு நாற்பது வயது ஆகியிருக்கும், அவன் பிள்ளை ஹைஸ்கூலில் படிக்கும். இருந்தும் செக்கில் கையெழுத்து அப்பாவுடையதுதான். விருதுநகர் விலை இறங்கிவிட்டது, நூறு மூட்டை பிடிக்கலாம் என்று மகன் நினைப்பான். அப்பா கோவிலுக்குப் போயிருப்பார். அவர் வருவதற்குள் விலை ஏறிவிடும். இன்னொரு கடையில் பெயருக்குப் பொறுப்பைக் கொடுத்திருப்பார்கள். ஆனால் பெரியவர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகன் சொன்ன விலையை வாடிக்கையாளர் முன்னாலேயே மாற்றிச் சொல்வார். அந்த நிமிஷத்தோடு வாடிக்கையாளர் மகனிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். கடைப் பையன்களும் அவன் சொல்லைக் கேட்க மாட்டார்கள். டிஸ்னி கம்பெனியில் நடந்ததும் நம் கடை மூலையில் நடப்பதும் ஒன்றேதான், தொகைதான் வேறு.

"கல்லாவை விட்டு எழுந்தால் வீட்டில் மதிப்புப் போய்விடும் அண்ணாச்சி" என்று என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பரிகாரம் சாவியைக் கடைசி வரை இறுக்கிப் பிடிப்பது அல்ல. தமக்கும் தம் மனைவிக்கும் ஆயுள் வரைக்கும் வேண்டியதை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொழிலைக் கொடுப்பதுதான். வீட்டை வைத்துக்கொள்ளுங்கள், வைப்புநிதியை வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதலையும் கையெழுத்தையும் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். தனி நபர் பெயரில் உள்ள கடை அந்த நபரோடு முடிந்துவிடுகிறது. தகவல் தெரிந்ததும் வங்கி நடப்புக் கணக்கை நிறுத்தி வைக்கும். சரக்குக்குக் கொடுத்த செக்குகள் திரும்பும். ஜி.எஸ்.டி. பதிவு இறந்தவரின் பான் எண்ணில் இருப்பதால் வாரிசு புதுப் பதிவு எடுக்க வேண்டும். பழைய கணக்கில் மிச்சம் இருக்கும் உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 என்ற படிவத்தின் வழியாக மாற்றிக்கொள்ளலாம் என்று 2019 மார்ச் மாதச் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. பலருக்கு இது தெரியாமல் அந்தத் தொகை வீணாகிறது. கடையைத் தொடர்ந்து நடத்தும் வாரிசு, பழைய வரிப் பாக்கிக்கும் பொறுப்பாவார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கூட்டு வியாபாரம் என்றாலும் நிம்மதி இல்லை. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், ஒரு பங்காளி இறந்ததும் கூட்டே கலைந்துவிடும். இரண்டே பேர் உள்ள கூட்டு என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் பயன் இல்லை, ஒருவர் தனியாகக் கூட்டு நடத்த முடியாது அல்லவா? அதனால் மகனையோ மகளையோ மூன்றாவது பங்காளியாக இப்போதே சேர்த்துக்கொள்வது நல்லது. வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன், அது போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கே. உயில் ஒன்றுதான் இதற்கு வழி. அதை எழுத நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை.

மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், கடைக்கு வரமாட்டான் என்பவர்கள் இன்று அதிகம். அவனை இழுத்துவந்து உட்கார வைத்தால் வியாபாரமும் கெடும், உறவும் கெடும். மகளைக் கேட்டுப் பாருங்கள். பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பங்கு கொடுக்கலாம் என்றால் பொறுப்பு ஏன் கொடுக்கக் கூடாது? மருமகன் இருக்கலாம். இருபது வருஷம் பேரேட்டைக் காப்பாற்றிய கணக்குப்பிள்ளை இருக்கலாம், அவரைப் பங்காளி ஆக்கிக்கொண்டு முதலுக்கு வருமானம் வாங்கலாம். யாருமே இல்லை என்றால், வாடிக்கையும் சரக்கும் நல்ல நிலையில் இருக்கும்போதே கைமாற்றிவிடுவது கௌரவம்தான். கடன் ஏறி, பூட்டுப் போட்டபின் விற்றால் சுவருக்குத்தான் விலை கிடைக்கும், பெயருக்குக் கிடைக்காது.

நான் சொல்ல வருவது நான்கு காரியங்கள். ஒன்று, வரும் ஆயுத பூஜைக்குள் கடைக்கு அடுத்த பொறுப்பாளர் யார் என்று வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிடுங்கள். இரண்டு, அவருக்கு ஒரு சரக்கை, ஒரு வாடிக்கை வட்டத்தை முழுதாக ஒப்படையுங்கள். லாபமோ நஷ்டமோ ஒரு வருஷம் குறுக்கே போகாதீர்கள். மூன்று, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று உங்கள் மனதில் மட்டும் இருக்கும் வாய்க்கணக்கை ஏட்டில் ஏற்றுங்கள். நான்கு, பொறுப்பைக் கொடுத்தபின் கடைக்கு வருவதானால் வாடிக்கையாளரைப் போல வந்து, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புங்கள். கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வரி உயர்வுக்கும் வாடகை உயர்வுக்கும் கூட்டம் போடுகிறோம், அது தேவைதான். இந்த ஒரு பொருளுக்காகவும் ஓர் ஆடிட்டரையும் ஒரு வக்கீலையும் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கூட்டம் போட வேண்டும். அதற்கு உறுப்பினர் தனியாக வரக் கூடாது. கடையை யாரிடம் ஒப்படைக்கப் போகிறாரோ அவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும்.