பத்திரிகைத் தொழிலோர்க்கு ஒருநாட் பயிற்சி

காலையில் நம் வாயிற்படியில் வந்து விழும் செய்தித்தாளை ஒருவர் எழுதினார், மற்றொருவர் அமைத்தார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அஃது ஒரே கையால் ஆகியதுபோலவே நம் கண்ணுக்குத் தோன்றுகின்றது. உண்மையில் அதன் ஒவ்வொரு பக்கமும் இருவகைத் தொழிலாளரால் ஆவது. செய்தியைத் தேடிச் சென்று சொல்லாக்கித் தருவோர் ஒருவகையார். அச்சொல்லுக்கு இடமும் எழுத்தும் படமும் வகுத்துப் பக்கமாக்குவோர் மற்றொரு வகையார். இவ்விரு திறத்தாரும் ஒருவர் தொழிலை ஒருவர் அறிந்து பணி செய்யின் படிப்போர்க்கு நன்மை. அறியாது செய்யின் தீமை. இவர்களை ஒரு நாளேனும் ஒரே பலகையில் அமர்த்திப் பயிற்றுதற்கு நம் கல்லூரி முன்வருதல் வேண்டும் என்பதும், அப்பயிற்சிக்குரிய கட்டணம் எளியோரும் தரத்தக்க சிறுதொகையாக இருத்தல் வேண்டும் என்பதும் எம் கருத்து. அதனை இம்மலரின் வாயிலாக மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய அனைவர் முன்னும் வைக்கின்றோம்.

பிறர் குறையைப் பேசப் புகுமுன் எம் குறையை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். முன்னொரு முறை இம்மலரிலேயே இரண்டு புகைப்படங்களின்கீழ் இருக்கவேண்டிய பெயர்கள் இடம் மாறி அச்சாயின. அவ்வாண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் படத்தின்கீழ் வேறொருவர் பெயர் நின்றது. பெயர்களை எழுதியனுப்பியோர் யாம். பக்கத்தை அமைத்தவர் அச்சகத்தில் பணிபுரிந்த ஓர் இளைஞர். 'மேலே உள்ள படம், கீழே உள்ள படம்' என்று யாம் குறித்தனுப்பினோம். அவரோ இடம் போதாமையால் மேற்படத்தைக் கீழும் கீழ்ப்படத்தை மேலும் வைத்தார். யாம் அவரைக் கண்டதில்லை. அவர் அவ்விரு பெரியாரையும் கண்டதில்லை. சில திங்கள் கழிந்தபின் அவ்வாசிரியரின் இல்லத்துக்குச் சென்றபோது, அவர் தம் பிரதியில் அப்பெயரைப் பென்சிலால் அடித்துத் தம் பெயரைத் தாமே எழுதிவைத்திருந்தமையைக் கண்டோம். அதுபற்றி அவர் எம்மிடம் ஒரு சொல்லும் சொன்னாரில்லை. யாம் தலைகுனிந்தோம். அரைமணி நேரம் அவ்விளைஞரும் யாமும் அருகிருந்து அப்பக்கத்தைப் பார்த்திருப்பின் அப்பிழை நேர்ந்திராது.

கல்லூரி மலரில் ஒரு பெயர் மாறினால் ஒருவர் மனம் நோகும். செய்தித்தாளில் ஓர் எண் மாறித் தோன்றினால் ஊரே ஏமாறும். எண் பிழையாக இருத்தல் வேண்டும் என்பதுமில்லை; சரியான எண்ணையே பிழையாகத் தோன்றச் செய்யலாம். ஒரு பள்ளியில் சென்ற ஆண்டு 400 பிள்ளைகள் படித்தனர், இவ்வாண்டு 420 பேர் படிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி நூற்றுக்கு ஐந்து. இதனை இரண்டு கம்பங்களாக வரையப் புகுந்தவர், இடத்தைச் சிக்கனப்படுத்தக் கருதி அடியைச் சுழியிலிருந்து தொடங்காது 390-லிருந்து தொடங்குவாராயின், முதற்கம்பம் 10 அளவும் இரண்டாங்கம்பம் 30 அளவும் உயர்ந்து நிற்கும். பார்ப்போர் அப்பள்ளி மும்மடங்காயிற்றென்றே கொள்வர். எழுதியவர் பொய் சொல்லவில்லை. வரைந்தவரும் பொய் சொல்லவில்லை. படிப்பவர்க்கு மட்டும் பொய்யே கிடைத்தது. இத்தகைய பொய்க்குப் பொறுப்பாளி எவர்? இருவரும் சேர்ந்து பார்க்கவேண்டிய இடத்தை எவரும் பாராமையே அதன் காரணம்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் சென்னையில் பெருவெள்ளம் நேர்ந்தபோது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது என்னும் செய்தி எங்கும் பரவிற்று. அடையாற்றங்கரையில் வாழ்ந்த எளிய குடும்பத்தார்க்கு அவ்வெண் என்ன பொருள் தந்திருக்கும்? ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். எனவே அந்நீர் வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்டது. தெருவில் நாம் காணும் 12,000 லிட்டர்த் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ 68, ஒவ்வொரு வினாடியும் கவிழ்க்கப்படுவதற்கு ஒப்பானது. இவ்வாறு கணக்கிடுதல் எழுதுவோர் கடமை. அதனைக் கண்ட அளவில் விளங்கும் படமாக்குதல் பக்கம் அமைப்போர் கடமை. ஆயின் ஏரியிலிருந்து ஓர் அம்புக்குறியை மட்டும் வரைந்து நிறுத்தினால் அதுவும் குறையுண்மையே ஆகும். அடையாற்றில் அன்று ஓடிய நீர் முழுதும் அவ்வேரியின் நீரன்று, வழியிலுள்ள வேறு பல ஏரிகளின் நீரும் மழைநீரும் அதனோடு கலந்தன. எழுதுவோர் இதனைச் சொன்னாலன்றி வரைவோர் அறியார். வெள்ளம் வரும் இரவில் இவ்விருவரும் ஒத்துழைத்தல் உயிர்காக்கும் செயலாகும்.

இவ்வொத்துழைப்பு நம் மொழிக்குப் புதியதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழ் நூல்களை அச்சிட முயன்ற காலத்தில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துக்கள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மொழிபெயர்ப்போரும் எழுத்து வார்ப்போரும் ஒரே ஊரில் ஒரே முயற்சியில் நின்றமையாலன்றோ இது கைகூடிற்று? பின்னர் 1906-இல் தோன்றிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் பாரதியார் கருத்துப் படங்களை வெளியிட்டுத் தமிழ்ப் பத்திரிகைக்குப் புதுவழி காட்டினார். 1950-இல் தொடங்கிக் 'கல்கி' இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வனைப் படித்தோர் நெஞ்சில், கல்கியின் சொல்லோடு மணியம் வரைந்த உருவங்களும் பிரிக்கவொண்ணாது கலந்து நின்றன. சொல்லும் கோடும் உறவாடிய காலத்தில் இதழ்கள் உயர்ந்தன என்பதற்கு இவை சான்று.

இக்காலத்து நிலையோ வேறு. மாவட்டத்தின் மூலையிலிருந்து நிருபர் தம் கைபேசியில் செய்தியைத் தட்டியனுப்புகின்றார். தொலைவிலுள்ள நகரில் முன்பின் அறியாத ஒருவர் நள்ளிரவில் அதனைப் பக்கத்தில் பொருத்துகின்றார். சிற்றூர் நிருபர் பலர்க்கு மாதச் சம்பளம் என்பதில்லை. அனுப்பும் செய்திக்கேற்ற சிறுதொகையே ஊதியம். பக்கம் அமைப்போருள்ளும் பலர் கணிப்பொறி நிலையத்தில் சில திங்கள் கற்ற கல்வியோடு வந்தவர். பெருநகர்களில் பெரிய விடுதிகளில் நடைபெறும் பயிற்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணமும், போகவர இரண்டு நாட் கூலியிழப்பும் தந்து செல்லுதல் இவர்க்கு இயலாது. இதனால் பயிற்சி எவர்க்கு மிகத் தேவையோ அவர்க்கே அது எட்டாக் கனியாகின்றது.

'ஒரு நாளில் என்ன கற்பிக்க முடியும்?' என்று வினவுவோர் உண்டு. பலவற்றைக் கற்பிக்க முயன்றால் ஒன்றும் முடியாது என்பதை ஒப்புகின்றோம். மூன்றே செயல்களை எடுத்துக்கொண்டால் ஒரு நாள் போதும். பக்கம் அமைப்போர் இரவு நெடுநேரம் விழித்திருப்போராதலின் காலை 10 மணிக்குத் தொடங்குதல் நன்று. முதலாவது, எண்களைப் பற்றியது: நூற்றுவீதம் காணுதல், தலைக்கு எவ்வளவு எனக் கணக்கிடுதல், கம்பத்தின் அடியைச் சுழியில் நிறுத்துதல். இரண்டாவது, எழுத்தைப் பற்றியது. பழைய எழுத்துருக்களில் ஒவ்வொரு நிறுவனத்தாரும் ஒவ்வொரு முறையைக் கையாண்டமையால், ஒரு முறையில் எழுதியதை மற்றொரு முறையில் திறந்தால் தமிழ் தமிழாக இராது பொருளற்ற குறிகளாகிவிடும். யூனிகோடு முறையைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றுக்கொண்ட பின்னரும் பழைய முறைகள் பல அலுவலகங்களை விட்டு நீங்கவில்லை; ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும்போது நேரும் பிழைகளைக் கண்டுபிடிக்க இரு திறத்தாரும் பழகவேண்டும். குறுகிய பத்தியில் நெடுஞ்சொல்லை எங்கே முறிப்பது என்பதும் இப்பகுதியிற் சேரும். 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு ஒரு வரியிலும் கால் மறு வரியிலும் நிற்பதும், வரியின் தொடக்கத்தில் புள்ளியெழுத்து வந்து நிற்பதும் கண்ணுக்கு எவ்வளவு இடர் தருவன என்பதைப் படிப்போர் யாவரும் அறிவர்.

உணவுக்குப் பின் மூன்றாவது செயல். எழுதுவோர் ஒருவரும் பக்கம் அமைப்போர் ஒருவரும் இணையாக அமர்ந்து, ஒரு செய்தியை ஒரு தாளில் பென்சிலால் பக்கமாக்குதல் வேண்டும். ஒவ்வோர் இணையும் தம் தாளைச் சுவரில் ஒட்டியபின், ஏனையோர் அதனைப் படித்துத் தாம் விளங்கிக்கொண்டது இன்னதென்று கூறுவர். எழுதியவர் கருதியதும் படித்தவர் விளங்கியதும் வேறுபடும் இடமே அன்றைய பாடம். இதற்குக் கணிப்பொறி வேண்டா. பின்னர் வீட்டிற் பயில விரும்புவோர்க்கு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் முதலிய விலையில்லா மென்பொருள்கள் இருக்கின்றன என்று காட்டிவிட்டால் போதும். மாலை 4 மணிக்கு முடித்தால் அவரவர் இரவுப் பணிக்குச் செல்லலாம்.

இனிக் கட்டணத்தைப் பற்றிச் சொல்லுவோம். எழுதுவோர் 20 பேரும் பக்கம் அமைப்போர் 20 பேருமாக 40 பேரை அழைத்து ஒவ்வொருவரிடமும் 200 ரூபாய் பெற்றால் 8,000 ரூபாய் சேரும். பயிற்றுவோர் இருவர், பணிசெய்யும் மாணவர் எண்மர் ஆகியோரையும் சேர்த்து 50 பேருக்கு நம் விடுதியில் பகலுணவு, தலைக்கு 70 ரூபாயாக, 3,500. இருமுறை தேநீரும் சிற்றுண்டியும் 1,500. பயிற்றுவோர் இருவர்க்குப் புகைவண்டிச் செலவு 1,600. தாள், பென்சில், நகலெடுத்தல் 800. எதிர்பாராச் செலவு 600. மொத்தம் 8,000. கூடமும் பலகையும் மின்விசிறியும் நம்முடையவை. சனிக்கிழமைகளில் அவை வாளாகிடக்கின்றன. பயிற்றுவோர் ஊதியம் பெறாது வருதல் வேண்டும் என்பதே இக்கணக்கின் உயிர்.

'இலவசமாகவே நடத்தலாகாதோ?' எனின், வேண்டா என்போம். விலை கொடாது பெற்ற இடத்தைக் கைவிடுதல் எளிது. பெயர் கொடுத்தோருட் பலர் அன்று வாராதொழிவர், அவர்க்காகச் சமைத்த சோறும் வீணாகும். அன்றியும், தம் உணவுக்குத் தாமே பணம் தந்து வந்தவர் கைம்மாறு கருதாது கேள்வி கேட்பர். அருள் பெற வந்தவர் போலக் கூசியிரார். ஆயினும் 200 ரூபாயும் தர இயலாத ஒருவர் அக்காரணத்தால் திரும்பிச் செல்லலாகாது. அவர் பெயரை வெளியிடாது அத்தொகையைப் பழைய மாணவர் எவரேனும் ஏற்றல் வேண்டும்.

தொழில் செய்வோரைப் பயிற்றுதல் கல்லூரியின் கடமையோ எனச் சிலர் ஐயுறலாம். நம் மாணவர் இச்செய்தித்தாள்களைப் படித்தன்றோ உலகை அறிகின்றனர்? குடிநீர் கெட்டதும் சாலை இடிந்ததும் முதலில் எழுதுவோர் இச்சிற்றூர் நிருபரே. அவர் எழுத்துத் தெளிவாயின் ஊர்க் குறை விரைவில் தீரும். இனி எழுதுதலையும் வரைதலையும் இயந்திரமே செய்துவிடும், மனிதர்க்குப் பயிற்சி எதற்கு என்பாரும் உளர். இயந்திரம் விரைந்து செய்யும் என்பது மெய். ஆயின் அது தந்த எண் மெய்யோ, அது வரைந்த கம்பம் நேரோ என்று ஆராய்ந்து பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். வேகம் மிகுந்தோறும் அவ்வொருவரின் தேவையும் மிகும்.

ஆதலின், கல்லூரித் தலைவர் ஒரு சனிக்கிழமைக்குக் கூடத்தை அளித்து உதவுமாறு வேண்டுகின்றோம். கணிதம், புள்ளியியல், தமிழ்த் துறைகளின் ஆசிரியர் காலைப்பொழுதில் ஒவ்வொரு மணி நேரம் தருவாராக. பத்திரிகைத் தொழிலில் உள்ள பழைய மாணவர் இருவர், தாம் கற்ற இடத்துக்கு ஒரு நாளைத் திருப்பித் தருவாராக. மாணவர் எண்மர் பந்தி பரிமாறவும் தாள் ஒட்டவும் முன்வந்து, அதனூடே தாமும் கற்பாராக. பெயர் கொடுக்க விரும்புவோர் இம்மலரின் தமிழ்ப்பகுதிக் குழுவினர்க்கு எழுதலாம். அடுத்த மலரின் பக்கங்களை அமைக்கும் நாளில், அச்சகத்து இளைஞரையும் எம்மோடு அதே பலகையில் அமருமாறு அழைப்பதென்று யாம் முன்னமே முடிவு செய்துவிட்டோம்.