2.87-ஆ, 3.27-ஆ?

அக்கா வீட்டு கராஜில் ஒரு 1969 கமாரோ நிற்கிறது. 350 கன அங்குல வி8, பெரிய கேம்ஷாஃப்ட், பின்னால் 3.73 ஆக்சில். அத்தானும் 17 வயசு மகளும் ரெண்டு வருஷமா அதைப் பிரிச்சு மாட்டிட்டிருக்காங்க. பழைய நாலு கியர் மன்சி பெட்டியைக் கழட்டியாச்சு. டிரெமெக் டிகேஎக்ஸ் அஞ்சு கியர் வாங்கணும். அதில் மூணு வகை இருக்கு, வீட்டிலும் மூணு கட்சி.

"மாமா, முதல் கியர் 3.27 தான் பெருசு. அதுதானே வேகம்?" என்கிறாள் அவள். அத்தானுக்கு டிராக்குக்கு ஏத்த 0.81 அஞ்சாவது கியர் மேல ஆசை. அக்காவுக்கு ஒரே கேள்வி: "இந்த வண்டியில அம்மா வீட்டுக்கு மூணு மணி நேரம் போக முடியுமா, முடியாதா?"

மூணு கேள்வியில் அக்காவோடதுதான் உருப்படியானது.

3.27 என்றால் என்ஜின் 3.27 சுற்று சுற்றும்போது பெட்டியிலிருந்து வெளியே வருவது ஒரே சுற்று. அது ஆக்சிலில் மறுபடியும் 3.73 மடங்கு குறையும். அதனால பெட்டியின் எண்ணை மட்டும் பார்க்காதீங்க, ரெண்டையும் பெருக்குங்க. 12.2 வருது. 2.87 என்றால் 10.7. தெருவில் ஓடும் வண்டிக்கு 10 பக்கம் இருந்தால் போதும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கைக்கணக்கு. அதுக்கு மேல் போனால் சாதாரண டயர் புகையைத்தான் கக்கும், வண்டி முன்னே பாயாது.

இன்னொண்ணு. 26 அங்குல டயரில், 6000 ஆர்பிஎம்மில், 3.27 முதல் கியர் 38 மைல் வேகத்திலேயே தீர்ந்துபோகும். 2.87 என்றால் 43. ஸ்டிக் புதுசா கத்துக்கிற பிள்ளை சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும்போது, பாதி வழியில் கியர் மாத்த வேண்டியிருக்கக் கூடாது. அதுக்காக விகிதத்தை ரொம்பக் குறைச்சாலும் ஆபத்து. பழைய மன்சி எம்21 முதல் கியர் 2.20, அதோட 3.08 ஆக்சில் சேர்ந்தால் 6.8தான். ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் வழுக்கி வழுக்கித் தேயும்.

முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பாருங்க. 3.27 பெட்டியில் 6000-ல் மாத்தினா என்ஜின் 3630-க்கு விழும். 2.87 பெட்டியில் 3950. பெரிய கேம் போட்ட என்ஜினுக்குக் கீழே மூச்சு கம்மி, அதனால அந்த 320 சுற்று நல்லாவே தெரியும். அடிக்கடி மாத்தும் இடத்தில்தான் நெருக்கம் வேணும்.

இப்போ அக்கா கேள்வி. 70 மைல் வேகத்தில் நாலாவது கியரில் என்ஜின் சுமார் 3370 சுற்று சுற்றும். மன்சியில் அதுக்கு மேல் கியரே கிடையாது. மூணு மணி நேரம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்தா பின் சீட்டில் பாட்டி என்ன, யாருமே பேச மாட்டாங்க. 0.81 போட்டால் 2730, 0.68 போட்டால் 2290. 0.68 உள்ள பெட்டியிலும் முதல் நாலு கியர் 2.87, 1.89, 1.28, 1.00 தான். டிராக் பெட்டியோட அதே எண்கள். அத்தான் இழப்பது அஞ்சாவதில் கொஞ்சம் நெருக்கம் மட்டும்.

ஆறு கியர் மேக்னம்? அதில் ஒரு வகைக்கு ஆறாவது 0.50. இந்த வண்டியில் 70 மைலில் 1690 சுற்றுதான் வரும். இந்தக் கேம் அங்கே உதறும். அந்தப் பெட்டியை நுழைக்கப் பெரும்பாலும் தரையையும் வெட்டணும். வேண்டாம்.

ஆக, 2.87-உம் 0.68-உம். "அப்போ 3.27 யாருக்கு மாமா?" என்று கேட்டாள். 3.08 மாதிரி மெதுவான ஆக்சில் வைத்திருப்பவர்களுக்கு. பெருக்கிப் பார்த்தா அவங்களுக்கும் 10 தான் வரும். அவளே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துட்டு ஒத்துக்கிட்டா.

ஆர்டர் போடும் முன் டயரின் உயரத்தை டேப் வெச்சு அளங்க, பக்கவாட்டில் அச்சடிச்ச எண்ணை நம்ப வேண்டாம். ஸ்பீடோமீட்டர் கியரையும் அந்த அளவுக்கே பொருத்தணும். இல்லைன்னா முள் 60 காட்டும்போது போலீஸ் ரேடார் 68 காட்டும். டிக்கெட் 17 வயசுக்காரி பேரில் வரும், இன்ஷூரன்ஸ் அத்தான் கட்டுவார்.